ஒரு ‘டொக்’ எடுப்பதற்கு, இரண்டு ‘டொக்’ வைப்பதற்கு

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

தபாலில் கடிதம் வந்திருக்கிறதே, யாருக்கு என்ன ஆனதோ என்று பதற வேண்டாம். இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். போனில் பேசினால் நீங்களும் கத்துவீர்கள், நானும் கத்துவேன், நடுவில் அண்ணன் மாட்டிக்கொண்டு முழிப்பான். மெயில் அனுப்பினால், நாத்தனார் சிபாரிசுக்கு வந்தாள் என்று உங்கள் ஆபீஸ் பதிவில் ஏறிவிடும். அதனால்தான் தாளும் பேனாவும். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். கீபோர்டு தட்டியே விரல் கெட்டுப்போயிருக்கிறது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன்களை இயக்கும் உங்கள் மொபைல் தளத்தின் அடுத்த பதிப்பில் வெளியாட்களுக்கு மூடப்போகும் உள் ஃபங்ஷன்களின், அதாவது உங்கள் நிரலுக்குள்ளேயே பயன்படும் கட்டளைகளின் பட்டியலை நேற்று வெளியிட்டிருக்கிறீர்கள். வருகிற போனை எடுப்பதற்கும் வைப்பதற்கும் உள்ள ஃபங்ஷனும் அதில் இருக்கிறது. அதை மூடினால் என் செயலிக்குச் சமாதிதான்.

அந்தச் செயலி உங்கள் வீட்டிலேயே தினமும் ஓடுகிறது. ஆனாலும் கோபத்தில் இருப்பவர்களுக்கு எல்லாம் மறந்துபோகும் என்பதால் ஞாபகப்படுத்துகிறேன். விபத்துக்குப் பிறகு அண்ணனுக்குக் கையும் காலும் அசையவில்லை. சக்கர நாற்காலியை மோவாய்க் குச்சியால் ஓட்டுகிறான். நாக்கைச் சொடுக்கி ஒரு ‘டொக்’ போட்டால் என் செயலி போனை எடுக்கும். இரண்டு ‘டொக்’ போட்டால் வைக்கும். அதை நம்பித்தான் அவன் வீட்டிலிருந்தே டாக்ஸி கம்பெனிக்கு வண்டி அனுப்பும் வேலை பார்க்கிறான். அதை நம்பித்தான் நீங்களும் அவனைத் தனியே விட்டு ஆபீஸ் போகிறீர்கள். அவனைப் போல இன்னும் எத்தனையோ பேர் என் செயலியை வாங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் உங்களைப் போல ஒரு அண்ணி கிடையாது.

தளத்தின் நிரல் முழுவதும் உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. யாரும் படிக்கலாம் என்று நீங்களே மேடை போட்டுச் சொல்கிறீர்கள். நான் படித்தேன். வெளியாட்களுக்கென்று நீங்கள் தரும் பொதுப் பட்டியலில் இல்லாத அந்த ஃபங்ஷனைக் கண்டுபிடித்தேன். பெயரைச் சொல்லிப் பின்பக்கமாகக் கூப்பிட்டேன், வந்தது. திறந்து வைத்துவிட்டுத் தொடாதே என்றால் எப்படி?

பட்டியல் தயாரிக்கும் குழுவுக்கு நீங்கள்தான் தலைவி. ஒரே ஒரு வரியை அழித்துவிடுங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

உங்கள்
சுண்டெலி
(எந்தச் சந்திலும் புகுந்துவிடுவேன் என்று அண்ணன் வைத்த பெயர். இப்போது பெருமையாகத்தான் இருக்கிறது.)


மார்ச் 11

என் ஒரே நாத்தனாருக்கு,

ஒன்றே போதும் என்று கடவுளுக்கும் தோன்றியிருக்கிறது, நல்லவேளை.

அந்த வரியை அழிக்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதிக் கடிதத்தை நீ கோபத்தோடு படிப்பாய் என்று தெரியும். படி.

எங்கள் சமையலறை ஜன்னல் எதிர் வீட்டைப் பார்த்தபடி இருக்கிறது. நான் எந்தப் பாத்திரத்தை எங்கே வைக்கிறேன் என்று அவர்களுக்கு அத்துப்படி. அதற்காக அவர்கள் உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைக்கலாமா? நாளைக்கு நான் அடுப்பை இடம் மாற்றினால் அவர்களிடம் கேட்டுக்கொண்டா மாற்றுவேன்? பார்க்க முடிகிறது என்பது வேறு, நம்பி இரு என்று நாங்கள் வாக்குக் கொடுத்திருப்பது வேறு. வெளியாட்கள் பயன்படுத்த நாங்கள் தரும் பொது இடைமுகம் என்பது வாக்கு. அதில் ஒரு ஃபங்ஷனைச் சேர்த்தால் வருஷக்கணக்காக அதைக் காப்பாற்றுகிறோம். மாற்ற வேண்டுமானால் முன்கூட்டியே ஊரைக் கூட்டிச் சொல்கிறோம். ஒவ்வொரு பதிப்பிலும் அது சொன்னபடி நடக்கிறதா என்று சோதனை ஓடுகிறது. உள் ஃபங்ஷன் எங்கள் வீட்டுக்குள் நடக்கிற பேச்சு. இன்றைக்கு இப்படி இருக்கும், நாளைக்கு வேறு மாதிரி இருக்கும்.

இன்னொன்றும் உனக்குத் தெரியும், தெரியாத மாதிரி நடிக்கிறாய். உரியவருக்குத் தெரியாமல் போனை எடுக்க முடிகிற செயலி, உரியவருக்குத் தெரியாமல் வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்கவும் முடியும். அப்படி இரண்டு செயலிகளைப் பிடித்த பிறகுதான் இந்தப் பட்டியலே பிறந்தது. நீ நல்லவள். உன் பின்னால் அதே சந்தில் வருகிறவன் நல்லவனா என்று எனக்குத் தெரியாது.

ஆனால் வழி இருக்கிறது. திறந்த தளம் என்றால் எட்டிப் பார்ப்பது மட்டுமில்லை. வெளியில் இருக்கிற யாரும் மாற்றத்தை எழுதி அனுப்பலாம். போனை எடுக்கவும் வைக்கவும் ஒரு பொது ஃபங்ஷன் வேண்டும் என்று நீ கேள். பயனர் அனுமதி எப்படிக் கேட்பது என்று எழுது. சோதனைகளை எழுது. ஆவணம் எழுது. குழு உன்னைப் போட்டுக் காய்ச்சும். தாங்குவாய்.

உன் அண்ணன் போனில் சோதனைப் பதிப்பை ஏற்றியிருக்கிறேன். மூடும் வேலை அதில் இன்னும் வரவில்லை, உன் செயலி அதில் ஓடுகிறது. அவரைக் கேட்டுத்தான் ஏற்றினேன். “நீ கட்டறது இடிஞ்சா முதல்ல என் தலையில விழட்டும்”னு சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து இதையேதான் சொல்கிறார்.

அண்ணி


மார்ச் 19

அண்ணிக்கு,

அன்புள்ள என்று போட மனசு வரவில்லை.

ஜன்னல், அடுப்பு எல்லாம் அழகாக இருந்தது. எங்கள் ஆபீசைப் பற்றியும் சொல்கிறேன், கேளுங்கள். சைக்கிள் கடைக்கு மேலே ஒரே அறை. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு வாளி வைத்திருக்கிறோம். வாளி நிரம்பினால் கூட்டாளி கொண்டுபோய்க் கொட்டுவார், அவர் வெளியே போயிருந்தால் நான். இந்த அறையில் உட்கார்ந்து உங்கள் ஆட்கள் எழுதிக் குவித்த நிரலைத் துருவித் துருவிப் படித்துக் கண்டுபிடித்த வழி அது. போனை ஒரு சொடுக்கில் எடுக்கிற செயலி சந்தையில் எங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. பெரிய கம்பெனிகளிடம் இல்லை. ஏன்? அவர்களுடைய வக்கீல்கள் உள் ஃபங்ஷனைத் தொட விடமாட்டார்கள்.

நீங்கள் சொல்கிறபடி நானே பொது ஃபங்ஷன் கேட்டு, நானே எழுதி, நானே சோதித்துக் கொடுத்தால் என்ன ஆகும்? மறுநாளே அத்தனை பேரும் கும்பலாக வருவார்கள். நான் வெட்டின கிணற்றுக்கு நானே பெயர்ப் பலகை மாட்டி, குடம் கொண்டு வாருங்கள் என்று கூப்பிட வேண்டுமா? அதற்குக் குழுவிடம் திட்டு வேறு வாங்க வேண்டுமா?

உங்களுக்கு இது கொள்கை. எனக்கு இது பிழைப்பு. அண்ணனுக்கு இது கை. மூன்றையும் ஒரே தராசில் போட்டு, கொள்கைதான் கனம் என்று நிறுத்துக் காட்டுகிறீர்கள்.

அண்ணனிடம் போனில் கேட்டேன், நீ யார் பக்கம் என்று. “உன் பக்கம்தான், சுண்டெலி. ஆனா சாப்பாடு அவ கையால வாய்க்குள்ள வருது. பாத்துப் பேசணும்ல”னு சிரிக்கிறான். அவனுக்குச் சிரிப்பு. நாளைக்குப் போன் அடித்து அவனால் எடுக்க முடியாமல் போகிற அன்றைக்கு யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

இனி எழுத மாட்டேன். நீங்களும் எழுத வேண்டாம்.

(பெயர் போடவில்லை. உங்களுக்குத் தெரியும்.)


ஏப்ரல் 2

சுண்டெலிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். உன் அண்ணன் நன்றாக இருக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன். ஜுரம் விட்டுவிட்டது. இருமல் மட்டும் பாக்கி. இதைப் போனில் சொல்ல என்னால் முடியவில்லை, பாதியில் அழுதுவிடுவேன். உனக்கு முன்னால் அழுவதாவது!

போன வாரம் ஒரு காலையில் உன் விஷயமாகத்தான் எங்களுக்குள் சண்டை. “ஒரு வரிதானே, விட்டுடேன்”னு ஆரம்பித்தார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

மத்தியானம் இங்கே மழை கொட்டியது. பால்கனியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவரால் எடுக்க முடியாது, ஆனாலும் சமாதானம் பேச ஒரு சாக்கு வேண்டுமே. போன் செய்தேன். இரண்டு ரிங் போனது, கட். மறுபடி செய்தேன். கட். மூன்றாவது முறை ரிங் போகக்கூட இல்லை, உடனே கட். எனக்கு எப்படி ஏறியது தெரியுமா? தங்கைக்காகக் கட்டின பெண்டாட்டியின் போனை வெட்டுகிறாரா என்று கொதித்துப்போனேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மீட்டிங்குக்குப் போனேன். அன்றைக்குப் பார்த்து, ஒரு வேலையும் இல்லாமல் வழக்கத்தைவிட அதிக நேரம் ஆபீசில் உட்கார்ந்திருந்தேன், வீம்புக்கு.

வீட்டுக்கு வந்தால் ஆள் பால்கனியில். காற்று வாங்கப் போயிருக்கிறார். மழைத்தண்ணீர் போகிற பள்ளத்தில் நாற்காலிச் சக்கரம் இறங்கிச் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. மாலையில் உதவிக்கு வருகிற அம்மாவுக்கு அன்றைக்கு லீவு. அந்தச் சோதனைப் பதிப்பில் குரலால் போன் போடுகிற வசதி இன்னும் சேர்க்கவில்லை. அதனால் யாராவது கூப்பிட்டால் எடுத்துச் சொல்வது ஒன்றுதான் அவருக்கு வழி. நான் கூப்பிட்டேன். அவர் ‘டொக்’ போட்டார். கட். மறுபடி ‘டொக்’. கட். டிரைவர்கள் கூப்பிட்டார்கள், எல்லாம் கட். உதடு நீலம் பாரித்து, தலையிலிருந்து கால்வரை நனைந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தை என்ன தெரியுமா? “நான் கட் பண்ணலம்மா. சத்தியமா நான் கட் பண்ணல.”

அவரைத் துடைத்துப் படுக்க வைத்துவிட்டு, அடுத்த அறையிலிருந்து அவர் போனுக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு ‘டொக்’ போடச் சொன்னேன், கட் ஆனது. இரண்டு போடச் சொன்னேன், எடுத்தது! தலைகீழ். அன்று மத்தியானம்தான் சோதனைப் பதிப்புக்கு ஒரு அப்டேட் தானாக ஏறியிருக்கிறது. அந்த உள் ஃபங்ஷனுக்கு அனுப்புகிற எண் ஒன்று என்றால் எடு, இரண்டு என்றால் வை என்று இருந்ததை, தொலைபேசிக் குழுவினர் வேறு ஏதோ வசதிக்காக மாற்றிப் போட்டிருக்கிறார்கள். தளத்துக்குள்ளே அதைக் கூப்பிடுகிற எல்லா இடத்தையும் ஒழுங்காகத் திருத்தியிருக்கிறார்கள். ஒரு தப்பும் இல்லாத வேலை. வெளியே ஒருத்தி அதை நம்பிக் குடித்தனம் நடத்துகிறாள் என்று அவர்களுக்கு யார் சொல்வது? கேட்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. அன்று ராத்திரியே பழைய பதிப்பைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

இதைத்தான் வாக்கு என்று எழுதினேன். எழுதும்போது எனக்கே அது வெறும் வார்த்தையாகத்தான் இருந்திருக்கிறது. என் வீட்டுப் பால்கனியில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் என்று நினைக்கவில்லை.

நீ ஜெயித்ததாக நினைத்தால் நினைத்துக்கொள். நான் ஜெயித்ததாகவும் நினைக்கலாம். எனக்கு இரண்டிலும் அக்கறை இல்லை.

அண்ணி


ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணி,

கடிதத்தைப் படித்துவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தேன். நல்லவேளை எடுத்தான். “ஒண்ணுமில்ல, குளிச்சு நாளாச்சுன்னு உங்க அண்ணி வெளியில உக்கார வெச்சா”னு சொன்னான். பிறகு இருமினான். ரொம்ப நேரம் இருமினான். அதை நான் கேட்கக்கூடாது என்று ‘டொக் டொக்’ போட்டு வைத்துவிட்டான். நான் உட்கார்ந்து அழுதேன். கூட்டாளி வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார், பாதிகூட நிரம்பாத வாளியை.

அழுது முடித்த பிறகு உங்கள் மேல் கோபம் வந்தது. அந்தச் சோதனைப் பதிப்பை ஏன் ஏற்றினீர்கள் என்று. பிறகு என் நிரலைத் திறந்து பார்த்தேன். ஒன்று என்ற எண்ணை அனுப்புகிறேன், இரண்டை அனுப்புகிறேன், உண்மையில் போன் எடுக்கப்பட்டதா என்று ஒரு இடத்தில்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கோபத்தை யார் மேல் வைப்பது என்று தெரியவில்லை. சரி, அதைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறேன், வேலை இருக்கிறது.

கூட்டாளியிடம் பேசிவிட்டேன். “ஊருக்கே தூக்கிக் குடுக்கப் போறியா?” என்றார். ஆமாம் என்றேன். எங்களிடம் மட்டும் இருக்கிற வழி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தோமே, அதைப் பூட்டவும் உடைக்கவும் தலைகீழாக்கவும் யாருக்கும் தடை இல்லை. அப்படி ஒரு வழி எங்களிடம் இருந்தது என்று சொல்வதே பொய். அதை நம்பி அண்ணனைப் போல இன்னொருவரை இனி நான் விட மாட்டேன்.

பொது ஃபங்ஷன் எழுதுகிறேன். எடுப்பதற்குத் தனி, வைப்பதற்குத் தனி. ஒன்று, இரண்டு என்று எண் அனுப்புகிற விளையாட்டே வேண்டாம். உங்கள் குழு காய்ச்சட்டும். என்னைக் காய்ச்சிக் காய்ச்சி அவர்கள் கைதான் சுடும்.

சுண்டெலி


மே 15

சுண்டெலிக்கு,

உன் மாற்றம் வந்து சேர்ந்தது. குழுவில் எழுந்து நின்று, இது என் நாத்தனார் எழுதியது, நான் ஓட்டுப் போட மாட்டேன், கருத்தும் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒருவர், “நாத்தனாரா? அப்ப கண்டிப்பா எதிர்த்து ஓட்டு போடுவீங்கன்னு நெனச்சோம்”னார். சிரித்துத் தொலைத்தேன்.

அதனால் உன் மாற்றத்தில் உள்ள ஓட்டையை நான் சொல்ல முடியாது. வாய் நமநமக்கிறது. ஆனால் பயனர் யாரும் பொது விவாதத்தில் கருத்துச் சொல்லலாம் அல்லவா? உன் அண்ணன் சொல்லிவிட்டார். ஒவ்வொரு வார்த்தையாக அவர் சொல்ல, உதவிக்கு வருகிற அம்மா தட்டினார். இந்நேரம் பார்த்திருப்பாய். “செயலிக்கு அனுமதி கொடுக்க, வருகிற பெட்டியில் விரலால் தொட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எந்த விரலால்?”

அதை அனுப்பிவிட்டு உன் அண்ணன் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

அன்றைக்குத் திரும்பப் போட்ட பழைய பதிப்புதான் இன்னும் அவர் போனில் இருக்கிறது. ஒழுங்காகத்தான் எடுக்கிறது. ஆனால் லைன் தற்செயலாக அறுந்தால்கூட நான் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறேன். போன வாரம் மீட்டிங் நடுவில் எழுந்து ஓடினேன். வீட்டில் அவர் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார், சார்ஜ் தீர்ந்திருக்கிறது. மூச்சு வாங்க நின்ற என்னைப் பார்த்து அவருக்கே கண் கலங்கிவிட்டது. இப்படி எத்தனை நாள் ஓடுவது?

ஓட்டையை அடை. சீக்கிரம் அடை.

அண்ணி


ஜூலை 20

அன்புள்ள அண்ணிக்கு,

இனி உங்களிடம் மறைக்க எதுவும் இல்லை, உலகத்துக்கே தெரியும்: ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்!

எந்த விரலால் என்று அவன் கேட்டதும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவனுக்காகவே செய்கிற செயலி, அவனால் தொடங்கவே முடியாது. இத்தனை காலம் செயலியை ஏற்றும்போதெல்லாம் யாரோ ஒருவர் பக்கத்தில் நின்று அவனுக்காகத் தொட்டிருக்கிறோம், அதை நினைத்தே பார்க்கவில்லை. இப்போது அனுமதிப் பெட்டி வாய்விட்டுப் படித்துக் காட்டும். நாற்காலியின் மோவாய்க் குச்சியோ கண்ணசைவோ, பயனர்களால் எது முடியுமோ அதனாலேயே சம்மதம் சொல்லலாம். சம்மதம் சொன்னவருக்கு மட்டும்தான் செயலி போனை எடுக்கும், எடுத்ததும் மணி அடித்துச் சொல்லும். ஒட்டுக்கேட்கிறவன் மணி அடித்துக்கொண்டா ஒட்டுக்கேட்பான்? அதைப் பார்த்துத்தான் உங்கள் குழுவில் தளத்தின் பாதுகாப்பைப் பார்க்கிறவர் இறங்கிவந்தார்.

நான் சொன்னபடியே குடத்தோடு கும்பல் வந்தாயிற்று. எங்களைப் போலவே மூன்று செயலிகள் புதுப் பதிப்போடு வரக் காத்திருக்கின்றன. ஒன்று பெரிய கம்பெனியுடையது, விளம்பரத்தில் ஒரு அழகான ஆள் நாக்கைச் சொடுக்குகிறார். வரட்டும். வாய் நிறையச் சாப்பாடு இருக்கும்போது போடுகிற ‘டொக்’ அவர்கள் செயலிக்குப் புரிகிறதா என்று பாருங்கள். எங்களுடையதற்குப் புரியும். எங்கள் சொந்த வேலை அது, யார் பட்டியலையும் நம்பி இல்லை. கூட்டாளிகூட இப்போது முணுமுணுப்பதில்லை. புது ஏசி பார்க்கலாமா என்கிறார்.

புதுப் பதிப்பு வந்ததும் அண்ணன் போனில் ஏற்றுங்கள். இந்த முறை தைரியமாக ஏற்றுங்கள்.

உங்கள்
சுண்டெலி


ஆகஸ்ட் 28

என் ஒரே நாத்தனாருக்கு,

புதுப் பதிப்பை ஏற்றிவிட்டேன். அனுமதிப் பெட்டி வந்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். உன் அண்ணன் மோவாய்க் குச்சியால் தானே சம்மதம் சொன்னார். “ரெஜிஸ்டர் ஆபீஸ்ல சொன்னதவிட ஈஸியா இருக்கு”ன்னார்.

பெரிய கம்பெனிச் செயலியையும் போட்டுப் பார்த்தார், துரோகி. இரண்டு நாளில் எடுத்துவிட்டார். சாப்பிடும்போது அதற்கு ஒன்றும் புரியவில்லையாம்.

நேற்று மத்தியானம் ஆபீசிலிருந்து போன் செய்தேன். ஒரு ரிங், கட். மறுபடி செய்தேன், கட். கை தானாகப் பையை எடுத்தது. எழுந்துகூட நின்றுவிட்டேன். பிறகு உன் ஃபங்ஷன் ஞாபகம் வந்தது. எடுப்பதற்குத் தனி, வைப்பதற்குத் தனி. ஒவ்வொரு பதிப்பிலும் சோதனை ஓடுகிறது, நானே பார்த்திருக்கிறேன். பையைக் கீழே வைத்தேன். “இருக்கட்டும், வீட்டுக்கு வர்றேன்” என்று சத்தமாகவே திட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மாலையில் போய்க் கேட்டேன்.

“ஏன் கட் பண்ணீங்க?”

“மேட்ச் முடியற நேரம்.”

“அப்ப வேணும்னேதான் பண்ணீங்க?”

“வேணும்னேதான்.”

பிரமாதமாகச் சண்டை போட்டேன். பழைய பாக்கியையெல்லாம் எடுத்துப் போட்டேன், உன்னையும் இழுத்தேன். நேற்றிலிருந்து அவரோடு பேசவில்லை. எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது தெரியுமா!

அன்புடன்
அண்ணி